மூன்றாவது மீட்டர்

"ரெண்டு மாசத்துல மூணு மீட்டரு எரிஞ்சிருக்கு ஃபெம்கே. கையெழுத்துப் போடு."

எரிவாயு நிலைய மேலாளர் ஹார்மன் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். அது அவளுக்கு இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"எதுக்குப் போடணும்? நான் மாட்டினது சரியாத்தான் இருக்கு."

மண்ணுக்குள் கிடக்கும் எரிவாயுக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, அதில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் விட்டிருப்பார்கள். அது மீட்டருக்குள் ஏறாமல் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு தடுக்க வேண்டும். அதை மாட்டியது ஃபெம்கே.

"சரியா இருந்தா ஏன் எரியுது? காபி குடிச்சுக்கிட்டே மாட்டினியா?"

"வந்து பாருங்க. ஆஃபீஸ்ல உக்காந்து கடுதாசி எழுதினா எப்படித் தெரியும்?"

மழையில் நடந்து போனார்கள். அவள் இணைப்பின் இரண்டு பக்கமும் சோதித்தாள். மின்சாரம் தாராளமாகக் கடந்துகொண்டிருந்தது.

"பாத்தியா உன் லட்சணத்த?" என்றார் ஹார்மன்.

அவள் குனிந்தாள். இணைப்பின் மேல், பிளாஸ்டிக்கைத் தாண்டி இரண்டு பக்கத்து இரும்பிலும் திருகி இறுக்கியிருந்த எஃகுத் தகட்டைக் கழற்றினாள். மறுபடி சோதித்தாள். மின்சாரம் கடக்கவில்லை.

தகட்டைத் திருப்பி, அதிலிருந்த எழுத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'மின்தடுப்பு இணைப்பு. யாரும் கை வைக்கக் கூடாது. உத்தரவு: ஹார்மன்.' தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது.

ஹார்மன் கடிதத்தை மெல்ல மடித்தார். "சரி, இதோட விட்டுடலாம்."

"மடிக்காதீங்க," என்றாள் ஃபெம்கே. "என் பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."