அழுகிற வியாதி

“எறும்பு கடிச்சா எதுக்குங்க அழுவணும்?” என்று கேட்டாள் நஞ்சம்மாள்.

டாக்டர் அருள்நாதன் பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அவள் மடியில் ஆறு மாதப் பெண் குழந்தை கொழுகொழுவென்று சிரித்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. இதைத் தூக்கிக்கொண்டு வத்தல்மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கிறாள்.

“பசிக்கு அழுதா சரிங்க. வெந்நீர் கொஞ்சம் சூடாப் பட்டாலும் அழுவுது. கட்டில்ல இடிச்சுக்கிட்டாலும் அழுவுது. எனக்கு இதுதான் தலப்புள்ளைங்க, பயமா இருக்குது.”

எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்றார் டாக்டர். மற்றதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைகள், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்கின்றன என்று அவள் பிடிவாதமாகச் சொன்னாள்.

“இதுக்கு இன்னும் பேச்சே வரலீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?”

டாக்டருக்குத் தலை சுற்றியது. மாமியார் ஏதாவது சொல்லிப் பயமுறுத்தினாளா என்று விசாரித்தார். அதெல்லாம் இல்லையாம். ஒரு முனகல்கூட இல்லாமல் பிள்ளை பெற்ற மருமகள் என்று மாமியாருக்குப் பெருமைதானாம்.

நஞ்சம்மாளின் கையெல்லாம் பழைய தழும்புகள். காட்டு வேலை செய்கிறவளுக்கு இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே, கையெட்டும் தூரத்தில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதை அணைத்து, கொதித்த ஊசிப் பாத்திரத்தைத் துணியால் பிடித்து உள்ளே எடுத்துப் போனாள்.

டாக்டருக்கு, அந்த வாரம் தபாலில் வந்த 1987-ஆம் வருட மருத்துவ இதழில் படித்தது நினைவுக்கு வந்தது. சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் உற்சாகமானார்.

“வயித்துல இருக்கும்போதே நரம்பெல்லாம் வளரும்மா. நரம்பு மேல கண்ணுக்குத் தெரியாத கொக்கிங்க இருக்கு. வளர்றதுக்கான சத்தை அதுங்க புடிச்சுக் குடுத்தாத்தான் வலி தெரியற நரம்பு வளரும். உம் பொண்ணுக்கு அது நல்லா வளந்திருக்கு. அதான் அழுவறா.”

“அந்தக் கொக்கி இல்லாமப் பொறந்தா என்னாகுங்க?”

“வலியே தெரியாமப் போயிடலாம். லட்சத்துல ஒருத்தர் இருந்தா அதிசயம். நான் பாத்ததே இல்ல.”

நஞ்சம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை ஊன்றி எழுந்தாள். டாக்டர் குனிந்து சத்து டானிக் எழுத ஆரம்பித்தார்.

ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. நிமிர்ந்தார்.

ஸ்டவ்வின் சூடான இரும்பு வளையத்தின்மேல் உள்ளங்கையை ஊன்றியபடி, சிரித்த முகத்தோடு நஞ்சம்மாள் கேட்டாள்: “அப்ப, போயிட்டு வரட்டுங்களா?”