பேயோட்டும் நடனம்

“நல்லாக் கவனிங்க. இது வெறும் குதியில்ல, பேயை விரட்டுற குதி!”

திரைக்கு முதுகைக் காட்டியபடி பேராசிரியர் முழங்கினார். உலக நடனங்கள் பாடத்துக்குப் பதினெட்டு வருடமாக இதே தீவு வீடியோ, இதே பேச்சு. பென் டிரைவைச் செருகி, பேச்சுக்கு இடைஞ்சல் என்று ஒலியை அடைத்து, ஓடவிட்டதோடு சரி. திரும்பிப் பார்க்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

கடைசி வரிசையில், ஆய்வுக்கு வந்த அம்மையார் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனசு வைத்தால் துறைத்தலைவர் நாற்காலி இவருக்கு. இல்லையென்றால் எதிர் அறைக்காரருக்கு. அந்தப் பதற்றத்தில்தான் காலையில் வீட்டு டிவியில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

வழக்கமாகத் தூங்கி வழியும் வகுப்பு இன்று கண் கொட்டாமல் திரையைப் பார்த்தது. பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“சார், கையில விளக்குமாறு மாதிரி இருக்கே?” என்றாள் முன்வரிசை மாணவி.

“உனக்கு எல்லாமே விளக்குமாறுதாம்மா. அது குலம் காக்கிற கோல். நடன விமர்சகருக்குப் புறக்கண் போதாது, அகக்கண் வேணும்.”

“இடுப்புல துண்டு?”

“துண்டுன்னு சொல்லாதே! அது விரத உடை.”

“இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறாரே, சார்?”

“சாமியைப் பார்த்து ஆடுறவர் உங்க மூஞ்சியையா பார்ப்பார்?”

“உச்சந்தலையில வட்டமா வழுக்கை...” என்று ஆரம்பித்த பக்கத்து மாணவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“என்ன சிரிப்பு? மூத்த பூசாரிக்கு மட்டும் அப்படி மழிச்சு விடுவாங்க. பெரிய மரியாதை அது!”

அம்மையார் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். “அற்புதம் சார்! இவ்வளவு ஆழமான வகுப்பை நான் பார்த்ததே இல்ல. அந்தப் பாட்டையும் கொஞ்சம் கேக்கலாமா?”

“தாராளமா! பொம்பளைங்க சுத்தி நின்னு சொல்ற மந்திரம் அது. கேட்டா உங்களுக்கே மெய்சிலிர்க்கும்.”

துறைத்தலைவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்ட பூரிப்போடு ஒலியை முழுசாகத் திறந்துவிட்டார்.

வகுப்பறை அதிர, அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

“என்னங்க, கரப்பான் எப்பவோ பறந்துடுச்சு... முதல்ல துண்டைப் பிடிங்க!”