அசையாமல் நின்ற பிள்ளை

ஏதென்ஸில் ஜீயஸ் கோயிலின் இடிபாடுகளை, சீமைப் பயணிகளுக்கு விற்பதற்காகத் திராசிவூலோஸ் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தூணின் உயரம் தெரிவதற்காக மனைவி கருஃபல்யாவை அதன் அடியில் நிறுத்துவது வழக்கம்.

"அசையாத. அசைஞ்சா புகையாத்தான் விழுவே."

"சீமைக்காரங்களுக்கு நான்தான் அளவுகோலா? சீக்கிரம் எடுங்க."

இருட்டுக் கூடாரத்துக்குள், எடுத்த தகட்டை மருந்தில் கழுவியபோது கருஃபல்யாவின் பக்கத்தில் ஒரு சிறுமி தெரிந்தாள். போன குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்த அவர்கள் மகள் ஸம்பேத்தா. உயிரோடிருந்தவரை ஒரு நொடிகூட நிற்காதவள். எடுத்த படங்களிலெல்லாம் அவள் முகம் கலைந்தே விழுந்திருந்தது. இதில் இமைமுடிவரை தெளிவாக இருந்தது.

தகட்டைப் பார்த்த கருஃபல்யா அழவில்லை.

"எம் பொண்ணு எப்போ இப்படி நின்னா? பாவம், கால் வலிக்கும்ங்க. இன்னொண்ணு எடுங்க, நான் அவ கையைப் பிடிச்சுக்கிறேன்."

அவனால் மறுக்க முடியவில்லை. அவள் வெறும் காற்றில் கையை நீட்டியபடி, மூச்சுகூட விடாமல் நின்றாள்.

இரண்டாவது தகட்டில் தூண் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. அதன் அடியில் மகளும் இல்லை, கருஃபல்யாவும் இல்லை.

"கருஃபல்யா" என்று உள்ளிருந்தே கூப்பிட்டான். பதில் வரவில்லை. கூடாரத் துணியை விலக்கிப் பார்க்காமல், அந்தத் தகட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.