பூர்வீக மீன்

கொஞ்ச நாளாக எத்தனை முறை வலை வீசினாலும் கொசுமீனைத் தவிர வேறெதுவும் சிக்காத கன்னியம்மாவுக்கு அன்று இரண்டு கெண்டை கிடைத்தன. ஒன்று சினை. கரையோரம் தடுப்பு வலை கட்டி எப்படியாவது பெருக்கிவிடலாம் என்று குடத்து நீரில் விட்டு எடுத்துவந்தவளை ஏரிக் கண்காணிப்பு அதிகாரி தீர்த்தகிரி மறித்தார். கையிலிருந்த கருவியைக் குடத்துக்கு மேல் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்நிய மீன்மா இது. அழிச்சாகணும்."

"எது சார் அந்நியம்? கெண்டை எங்க பாட்டன் காலத்துலேருந்து இருக்குது. கொசுவைத் தின்னும்னு நீங்க கொசுமீனைக் கொண்டாந்து விட்டீங்களே, அது கொசுவை விட்டுட்டு கெண்டை முட்டையைத் தின்னுது. அதைப் போய் அழிங்க."

"அதெல்லாம் பழைய சட்டம். இப்ப ஏரியில எது அதிகமோ அதுதான் பூர்வீகம். பக்கத்து ஏரிங்கள்லயும் கொசுமீனை நாங்களே லாரியில கொண்டுபோய்க் குடியேத்திட்டு வர்றோம்."

"திருடன் கூட்டமா வந்துட்டா வீடு அவனுதா சார்?"

தீர்த்தகிரி குடத்தை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். சினைக்கெண்டை துள்ளி அடங்கும்வரை பார்த்திருந்த கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கருவி அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்ற தீர்த்தகிரி, ஏரியைச் சுற்றி எழும்பியிருந்த அடுக்குமாடிகளை ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் கரையில உங்க ஆளுங்க மொத்தம் எத்தனை வீடு?"