வெள்ளிக்கிழமை வாயில் பணி

இம்பாலே மேல்நிலைப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியை நம்போசோ, ஆசிரியர்களுக்கான வாரச் சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டியபிறகுதான் கடைசி வரியைப் பார்த்தாள். ‘வெள்ளி, வாயில் பணி: வோதேயா.’

மருத்துவமனைக்குப் போக ஆசிரியர் வோதேயா விடுப்புக் கேட்டபோது அவள் மறுத்திருந்தாள். போன பருவத்தில் அவர் வகுப்பிலேயே விழுந்து செத்துப்போனார்.

“யாரு வேலை இது?”

ஆசிரியர் அறையில் யாரும் தேநீரை விட்டுத் தலை நிமிரவில்லை.

“நீங்கதானே மேடம் டைப் அடிச்சீங்க” என்றார் கணக்கு வாத்தியார் மஃபாபி. “அவருக்கு லீவு கிடையாதுன்னு சொன்னதும் நீங்கதான்.”

தாளைக் கிழித்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை வாயிலுக்குத் தானே கிளம்பினாள். சேற்றில் வண்டி சிக்கி, போய்ச் சேர, வாயில் மூடும் நேரமான ஏழு மணி தாண்டிவிட்டது.

தாமதமாக வந்த மாணவர்கள் வாயிலருகே வரிசையாக முட்டி போட்டிருந்தார்கள்.

“யாருடா போடச் சொன்னது?”

“வோதேயா சார்தான் மேடம்” என்றாள் ஒரு மாணவி, தலையைத் தூக்காமல். “உங்களுக்கும் இடம் விடச் சொன்னாரு.”

வரிசையின் நடுவில் ஓர் ஆள் அளவு இடம் காலியாக இருந்தது.