மாதிரி வீடு

பதினொரு மாடி, எண்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு கழிவறை. கட்டுகிற பெண்களுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் காலி மனைக்கும் போன வாரம் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டதால், சித்தாள் செங்கமலம் பகல் முழுக்க அடக்கிக்கொண்டே மணல் சுமந்தாள். செவ்வாய்க்கிழமை நீர்க்கடுப்பு தாங்க முடியாமல் போனபோது சட்டியை இறக்கி வைத்தாள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முதல் மாடியில் முடித்து வைத்திருந்த மாதிரி வீட்டுக்குள் நேராக நடந்து, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் குமரவேல் ஓடிவந்து கதவைத் தட்டினார். "ஏய், இது கஸ்டமருக்குக் காட்டுற இடம். வெளிய வா! நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"இந்த டைல்ஸ் பூரா நான் சுமந்து ஏத்துனதுதான் சார். இருங்க, வரேன்."

வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவசரப்படாமல் கை கால் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். குமரவேலுக்குப் பின்னால், தலையில் சும்மாட்டோடு ஆறு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"போய் வேலையப் பாருங்க!" என்று அவர் கத்தினார். ஒருத்தியும் நகரவில்லை.

செங்கமலம் முதலில் நின்றவளிடம் சொன்னாள்: "தாப்பா கொஞ்சம் இறுக்கமா இருக்கு ராக்கு. நல்லா அழுத்திப் போட்டுக்க."