கதவில் மூன்று நம்பர்

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் போனும் கையுமாக நிற்கிறார் சுவக்கீன். மத்தியானத்திலேயே மூடுபனி வாசல்வரை ஏறி வந்திருக்கிறது. போனில் மகள் ஜின்சி. வெளிநாட்டு முதியோர் இல்லமொன்றில் வேலை பார்ப்பவள், போன வாரம் அறை மாறியிருக்கிறாள். மாறினால் பதினாலு நாளுக்குள் அந்த ஊர் ஆபீசில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம். ஃபாரத்தில் சொந்த ஊர் விலாசமும் கேட்கிறார்களாம். "வீட்டு நம்பர் சொல்லுங்கப்பா." கதவில் மூன்று நம்பர் இருக்கிறது. கம்பெனி வெள்ளை பெயிண்டில் எழுதியது, பஞ்சாயத்து அடித்த தகரம், கணக்கெடுக்க வந்தவர்கள் சாக்பீசில் கிறுக்கியது. தகரத்தைக் கட்டைவிரலால் துடைக்கிறார். துருதான் விரலில் ஒட்டுகிறது. மூன்றையும் தட்டுத்தடுமாறி வாசிக்கிறார். "இதுல எதுப்பா ஸ்திர விலாசம்?" சன்னல் கம்பியில் செருகிய கம்பெனிக் கடிதம் காற்றில் படபடக்கிறது. ரிட்டயர் ஆகிவிட்டதால் இந்த மாசக் கடைசிக்குள் அவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகளிடம் அதை அவர் இன்னும் சொல்லவில்லை. "வெள்ளையில உள்ளத எழுதிக்கோ" என்கிறார். பிறகு, கதவையே பார்த்தபடி மெல்லக் கேட்கிறார்: "ஏம்மா, நான் வீடு மாறினா யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?"